ஏரிக்கு விலை கேட்டவள்

பேராசிரியர்கள் ஓசியில் ஊர் சுற்றுவதற்கென்றே பல்கலைக்கழகங்கள் ஒரு சடங்கு வைத்திருக்கின்றன. அதற்கு வைவா என்று பெயர். யாரோ ஒருவர் ஐந்தாறு வருடம் முட்டிமோதி ஆய்வேடு எழுதியிருப்பார். வேறு ஊரிலிருந்து ஒரு வெளித்தேர்வாளர் வந்திறங்கி, அரைநாள் கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, பழக்கூடையோடு ரயிலேறுவார். அந்தப் பழக்கூடைகளை நானும் நிறையச் சுமந்திருக்கிறேன். என் துறை சுற்றுச்சூழல் பொருளாதாரம். காடு, ஆறு, ஏரி, காற்று என்று கடையில் கிடைக்காத பொருள்களுக்கு விலை போடுவது எங்கள் தொழில். நான் போட்ட விலைக்கு யாரும் எதையும் வாங்கியதில்லை. எனக்குப் பதவி உயர்வு மட்டும் தவறாமல் வந்தது.

இந்த முறை மைசூர். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். தபாலில் வந்த ஆய்வேட்டைப் பிரித்ததும் தலைப்பை இரண்டு முறை படித்தேன். ஊர் விளிம்பில் இருக்கும் ஓர் ஏரியைப் பற்றிய ஆய்வு அது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் விலை போட்ட அதே ஏரி. அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரைதான் என்னை ஆளாக்கியது. அதை வைத்துக்கொண்டுதான் குழுக்களில் உட்கார்ந்தேன், விமானம் ஏறினேன், இரண்டு விருது வாங்கினேன்.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய், இதைச் சுத்தமாக வைத்திருக்க மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். கையில் காசில்லை, கொடுக்க முடியாது என்று சொன்னால் அது உண்மையான பூஜ்யம், கணக்கில் சேரும். நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டால் அது எதிர்ப்புப் பூஜ்யம். அவருக்குக் கேள்வி புரியவில்லை அல்லது பிடிக்கவில்லை என்று பொருள். அவரைக் கழித்துவிட வேண்டும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

நான் கழித்தேன். ஏரிக்கரையில் கட்டட வேலைக்கு வந்த தமிழர்களின் குடிசைகள் இருந்தன. வீடு வீடாகக் கேட்கப் போன எங்கள் குழுவில் எனக்கு மட்டும் தமிழ் தெரியும் என்பதால் அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது. அநேகமாக எல்லாக் குடிசையிலும் ஒரே பதில்தான். எங்கள் ஏரிக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு படிவத்திலும் பென்சிலால் 'எ' என்று எழுதிக்கொண்டு வந்தேன். கணக்கு முடிந்தபோது குடிசைப்பகுதியே என் ஆய்வில் இல்லை. எதிர்க்கரை லேஅவுட்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் கேட்டது நடைபாதை, விளக்கு, வேலி. எங்கள் அறிக்கை அரசாங்கத்துக்குப் போன இரண்டாம் வருடம் மூன்றும் வந்தன. குடிசைகள் போயின. என் கட்டுரை இல்லாவிட்டாலும் போயிருக்கும் என்று நான் பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வந்த ஆய்வேட்டிலும் அதே கழித்தல் இருந்தது, என் கட்டுரையை மேற்கோள் காட்டி. ஆனால் இந்தப் பெண், கழித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் பின்னிணைப்பில் வரி வரியாகக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு வரி, ஆங்கிலத்தில்: ஏரி கை நீட்டி வாங்குமா? இந்த வரியை நான் தமிழில் கேட்டிருக்கிறேன். என் காதால் கேட்டு, சிரித்து, எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். வைவாவில் எல்லார் முன்பும் என் கட்டுரை தப்பு என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் திருச்சியில் ரயிலேறினேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரயில் பாலத்தைக் கடந்தபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் ஊரில் அதே காவிரியில் லாரிகள் இறங்கி நிற்கின்றன. எதிர் இருக்கையில் இருந்த மண்டியா விவசாயி நான் எந்த ஊர் என்று அரைகுறைத் தமிழில் விசாரித்தார். சொன்னேன். எங்கள் தண்ணீரெல்லாம் உங்களுக்குத்தானே வருகிறது என்றார், பாதி விளையாட்டாக. எங்களுக்கு மணல்தான் வருகிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து நிப்பட்டு எடுத்துக் கொடுத்தார். எங்கள் தட்டையைவிடத் தடிமன், காரமும் தூக்கல். தண்ணீர் விவகாரத்தில் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் எனக்குத் தெரிந்து நடந்த ஒரே நல்ல பரிமாற்றம் அது.

ஸ்டேஷனில் ஆய்வு மாணவி வாடகைக் காரோடு காத்திருந்தாள். மாணவி என்று சொல்வது பழக்கதோஷம். ஜெசிந்தாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஒன்பது வருடமாக ஓர் அரசுக் கல்லூரியில் தற்காலிக ஆசிரியர். காதோரம் நரைத்திருந்தது. என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அறையில் ஸ்வல்ப ரெஸ்ட் எடுங்க மேடம், நாளைக்கு எங்கே போகணும்னாலும் கூட்டிட்டுப் போறேன், நாளன்னைக்குத்தானே வைவா என்றாள். தன் தமிழில் கன்னட வாசனை அடிக்கும் என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

அறை, கார், சாப்பாடு எல்லாம் மாணவர் செலவு என்பது எழுதாத விதி. பல்கலைக்கழகம் தருவதாகக் காகிதத்தில் இருக்கும். வெளித்தேர்வாளரை மாப்பிள்ளை வீட்டாரைப் போலத் தாங்க வேண்டும், முகம் சுளித்துவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். நானும் ஒரு காலத்தில் ஒருவரைத் தாங்கினேன். அவருக்கு முருங்கைக்காய் ஆகாது என்று தெரியாமல் சாம்பாரில் போட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன். விடுதிக்காரரிடம் நானே பணம் கட்டிவிடுகிறேன் என்றேன். அந்த மேடம் கொடுத்துவிட்டார், நெறியாளர் சார் உங்களிடம் வாங்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று கையை விரித்தார்.

சாயங்காலம் தனியாகக் கிளம்பித் தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோ பிடித்தேன். அந்தக் காலத்தில் நான் தங்கிப் படிவங்களைக் கழித்த லாட்ஜைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மல்லிகை மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று எதிரே வந்து ஆட்டோ சிக்கிக்கொண்டது. பின்னால் போகவும் வழியில்லை. வண்டிக்காரரும் ஆட்டோக்காரரும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் இறங்கி நடந்தேன். லாட்ஜ் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எதிரில் இருந்த கடையில் சௌசௌ பாத் கேட்டேன். ஒரே தட்டில் காரத்துக்குக் காராபாத் என்கிற உப்புமா, இனிப்புக்குக் கேசரி. உப்புமாவை முடித்தேன், கேசரியை அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஜெசிந்தா ஏரிக்குக் கூட்டிப் போனாள். வாசலில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். அவளே ஓடிப்போய் வாங்கினாள். உள்ளே கல் பதித்த நடைபாதை, எடை குறைக்க வந்த கூட்டம். கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், தண்ணீர் அன்றைக்கு இருந்ததைவிடச் சுத்தம். அன்று இங்கே கோழிக்கழிவு மிதந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், முன்னே இந்தக் கரை முழுக்கக் குடிசை, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும், யாரோ ஒரு புண்ணியவான் அறிக்கை கொடுத்து எல்லாவற்றையும் காலி செய்ய வைத்தான் என்று. ஜெசிந்தா அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான்தான் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் தன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றாள். ரிங் ரோட்டுக்கு வெளியே, அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகளின் வரிசையில் அவள் அம்மா இருக்கிறார். பெயர் ஆரோக்கியமேரி. ஒரு பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவர். சுவரில் மாதா படம், அதன் கீழே மகளின் எம்.ஏ. பட்டச்சான்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். அடுத்த சான்றிதழுக்கு என்று அந்தம்மாவே சொன்னார்.

ராகிக் களி, கீரைக் குழம்பு, எனக்காகக் கோழி. எங்கள் ஊர்க் களி தளதளவென்று இருக்கும். இது கல் மாதிரி உருட்டியது, மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தாள். அந்தம்மாவுக்குப் பூர்வீகம் எல்லையோரத்தில் ஹனூர்ப் பக்கம். பேச்சு அச்சு அசல் கொங்கு. சொம்பிலிருந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். இங்கே லாரியில்தான் தண்ணீர் வரும், குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்க வேண்டுமாம். அந்தப் பேச்சிலிருந்துதான் ஏரி வந்தது.

"முன்னெல்லாம் ஏரிக்கரையிலதானுங்க எங்க குடிசை. இவ அப்ப சின்னப் புள்ள. ஒரு நாள் ஒரு பொண்ணு நோட்டும் பேனாவுமா வந்துச்சுங்க, நம்ம பேச்சுத்தான் பேசுச்சு. ஏரிக்கு மாசம் எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டுச்சு. ஏரி கை நீட்டி வாங்குமா கண்ணுன்னு கேட்டனுங்க. சிரிச்சுப்போட்டு எழுதிக்கிச்சு."

கையில் எடுத்த களியைத் தட்டிலேயே வைத்தேன். அந்தம்மா என் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, அப்போது நான் ஒல்லி, தலைமுடி இடுப்புவரை இருந்தது. நான்தான் அந்தப் பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"ஏனுங் டீச்சரம்மா, நாங்க சொன்னதையெல்லாம் அந்தப் பொண்ணு மேல கொண்டுபோய்க் குடுத்திருக்குமுங்களா?"

குடுத்திருப்பாங்கம்மா என்றேன். ஜெசிந்தா என்னைப் பார்க்காமலே இன்னொரு துண்டு கோழியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவளிடம் கேட்டேன், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று. எம்.ஏ. படிக்கும்போதே தெரியுமாம். பாடத்தில் என் கட்டுரை இருந்ததாம். கழிக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதத்தான் ஆய்வில் சேர்ந்தாளாம். அந்தத் தலைப்பை நெறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இது சமூகசேவை இல்லை, பொருளாதாரம், முறைப்படி செய் என்றாராம். முறைப்படி செய்தாள். அப்படியானால் பின்னிணைப்பு மட்டும் எப்படித் தப்பியது என்றேன். பின்னிணைப்பை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நெறியாளர் விட்டுவிட்டாராம்.

"அதுல ஒரு ஃபாரம் எங்கம்மாவோடது மேடம். காலி பண்ணவங்க வீட்டுக்கெல்லாம் நானே போய்க் கேட்டேன், அம்மா இப்பவும் அதே பதில்தான் சொன்னாங்க. நானே அடிச்சேன்" என்றாள்.

அப்போதுதான் என் திட்டத்தை அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அப்படி ஒரு முட்டாள் நான். அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் மேடம். நீங்க விருது, பதவி எல்லாம் வாங்கி முடிச்சிட்டீங்க, இப்பத் தப்புன்னு சொன்னா அதுக்கும் கை தட்டுவாங்க. எனக்கு அடுத்த வாரம் சர்டிபிகேட் வெரிபிகேஷன். இந்த வருஷத்தோட வயசு தாண்டிடும், அப்புறம் நிரந்தர வேலையே கிடையாது. நீங்க திருத்தம் சொன்னா சும்னே ஆறு மாசம் போயிடும். பட்டம் கையில வரட்டும் மேடம், அப்புறம் நானே எழுதறேன்."

இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பட்டம் வந்ததும் எழுதலாம் என்றேன். பிறகு வேலை நிரந்தரமானதும் என்றேன். பிறகு பேராசிரியர் ஆனதும். அதை அவளிடம் சொல்லவில்லை. சரி, அதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வைவா. கூடம் நிறைந்திருந்தது. கேள்விக்கு முன்பே மரியாதை. எனக்குச் சால்வை போட்டு, சந்தன மாலை போட்டு, மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையைத் தலையில் கவிழ்த்தார்கள். காதுவரை இறங்கியது. கழற்றினால் அவமரியாதை என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் ஆரோக்கியமேரி, பட்டுப்புடவையில், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு. கதவோரம் எல்லாருக்குமான காராபாத்தும் கேசரியும் மூடி வைத்திருந்தார்கள். அதுவும் ஜெசிந்தா செலவுதான்.

நெறியாளர் பேச எழுந்தார். இந்த ஆய்வுக்கு அஸ்திவாரமே நமது தேர்வாளர் அம்மையாரின் கட்டுரைதான் என்று ஆரம்பித்தார். அதன் முறை, துல்லியம், நேர்மை என்று அடுக்கிக்கொண்டே போனார். நேர்மை என்ற சொல் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தைய நாள் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. திருத்தம் சொல்லப்போவதில்லை, ஒரே ஒரு கேள்விதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என் முறை வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டேன்: கொடுக்கமாட்டோம் என்று சொன்னவர்களை எந்த நியாயத்தில் கழித்தீர்கள்?

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை. பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தங்குதடையில்லாத ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். கேள்வியையே ஏற்காதவரின் பதிலுக்குப் பொருளாதார அர்த்தம் கிடையாது. அவர்கள் ஏரியை மதிப்பிடவில்லை, மதிப்பிட மறுத்தார்கள். அவர்களைச் சேர்த்தால் உண்மையில் ஏரியை விரும்புகிறவர்களின் மதிப்பு குறைத்துக் காட்டப்படும். இதைத் தாங்களே தங்கள் கட்டுரையின் மூன்றாம் பகுதியில் நிறுவியிருக்கிறீர்கள், அனுமதித்தால் வாசிக்கிறேன் என்றாள். வாசித்தாள். என் வாக்கியங்கள், கால்புள்ளி உட்பட. இளமையில் நான் எவ்வளவு திடமாக எழுதியிருக்கிறேன்.

கூடம் கை தட்டியது. அம்மையார் தன் கட்டுரையை வைத்தே பெண்ணை மடக்கப் பார்த்தார், பெண் அசரவில்லை என்று நெறியாளர் கன்னடத்தில் பெருமையாகச் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். இன்னொரு முறை கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஆரோக்கியமேரியும் எழுந்து நின்று தட்டினார்.

மீதிக் கேள்விகளை எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்தேன். ஆய்வேட்டில் வெறும் எண்ணாகக் கிடந்த கழித்தலை, அம்மா உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவள் வாயால் சொல்ல வைத்தது நான்தான். என் மனசு லேசாக வேண்டும் என்று கேட்ட கேள்வி அது. அது லேசாகவும் இல்லை. திருத்தம் ஏதுமில்லை, பட்டம் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் தட்டோடு கலைந்தபோது ஆரோக்கியமேரி நேராக என்னிடம் வந்தார். ஜெசிந்தா இரண்டடி தள்ளி நெறியாளருக்குக் காராபாத் வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றதைக் கவனித்தேன்.

"ஏனுங் டீச்சரம்மா, நீங்க கேட்டதுக்கு எம் பொண்ணு அவ்வளவு நேரம் சொன்னாளே, என்னங்க சொன்னா? எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க."

"ஏரியப் பத்தித்தாம்மா சொன்னா."

"எங்களப் பத்தியுங்களா?"

"ஆமாம்மா. உங்களப் பத்தியும்தான்."

"நல்லபடியாச் சொன்னாளுங்களா?"

ரொம்ப நல்லாச் சொன்னா என்றேன். அந்தம்மா என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதுக்குத்தானுங்க அவளப் படிக்கவெச்சது என்றார். ஜெசிந்தா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்தவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.